லிஸ்பனில் ஒரு யன்னல்

லிஸ்பனின் பழைய பகுதியான அல்ஃபாமாவின் படிக்கட்டுகளில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறி மூச்சு வாங்க நின்றபோது, வீட்டுக்கார அம்மா கதவைத் திறந்து என் கையில் ஒரு சாவியை வைத்தார். "ஷாவ்" என்றார். எழுபதைத் தாண்டியிருப்பார். அவருக்கு ஆங்கிலம் பத்துச் சொல்லுக்கு மேல் வராது. எனக்குப் போர்த்துக்கேயம் அந்த அளவுகூடத் தெரியாது. ஆகவே அறையிலிருந்த ஒவ்வொன்றையும் தொட்டுத் தொட்டுப் பெயர் சொன்னார். மேசையில் கை வைத்து "மேஸா" என்றார். நாற்காலியின் முதுகில் தட்டி "கதைரா" என்றார். குளியலறைக் கொடியில் மடித்துப் போட்டிருந்ததைத் தூக்கிக் காட்டி "துஆல்யா" என்றார். பிறகு மரக்கதவுகள் இரண்டையும் வெளியே தள்ளினார். கீழே செம்மண் ஓட்டுக் கூரைகள், அவற்றுக்கு அப்பால் கடலைப்போல் அகன்று கிடக்கும் டேகஸ் ஆறு. "ஜனேலா" என்றார்.

நான் யாழ்ப்பாணத்துத் தீவொன்றில் உள்ள ஊர்காவற்றுறையில் பிறந்தவள். எங்கள் வீட்டில் இருந்தவை மேசை, கதிரை, துவாய், யன்னல். சாவியை நாங்கள் திறப்பு என்போம். அதனால் அவர் சொன்ன முதற்சொல் என்னை ஒன்றும் செய்யவில்லை. கதிரையில்தான் கை வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேன். அந்தச் சொல்லில் அம்மம்மாவின் குரல் கேட்டது.

இந்தச் சொற்கள் போர்த்துக்கேயத்திலிருந்து வந்தவை என்பதைப் பள்ளிக்கூடத்திலேயே படித்திருக்கிறேன். பட்டியலாக மனப்பாடம் செய்து பரீட்சையில் எழுதியிருக்கிறேன். ஆனால், அந்தச் சொற்களுக்குள்ளேயே வாழும் ஒருவரின் வாயிலிருந்து, வேறெந்த நினைப்பும் இல்லாமல் அவை வந்து விழுவதைக் கேட்பது வேறு அனுபவம். அடுத்த நாள் காலை சமையலறைக்கு அழைத்துப்போனார். "குஸீன்யா." எங்கள் குசினி. அடுப்பின் மேலிருந்த ஆழமான பாத்திரம் "தாஷு". எங்கள் தாச்சி. துணிப்பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்த ரொட்டி "பௌங்"; மூக்கால் சொன்னாலும் பாண் பாண்தான். வாசலில் நான் கழற்றி வைத்திருந்த காலணியைப் பார்த்துத் தலையசைத்து, "ஸபாத்து" என்றார். எங்கள் சப்பாத்து அதுவேதான்.

யாழ்ப்பாண அரசைப் போர்த்துக்கேயர் முழுமையாகக் கைப்பற்றியது 1619இல். ஒல்லாந்தர் அவர்களைக் கோட்டையிலிருந்து வெளியேற்றியது 1658இல். நாற்பது ஆண்டுகள்கூட முழுதாக இல்லை. எங்கள் கடைசி அரசன் சங்கிலியைக் கோவாவுக்குக் கொண்டுபோய்க் கொன்றார்கள். நல்லூர்க் கோயிலை இடித்தார்கள். அந்தக் கோபம் எங்கள் வீட்டுக் கதைகளில் இன்றும் ஆறவில்லை. அதே வீட்டில், அதே கதையை, கதிரையில் இருந்துகொண்டு, யன்னல் காற்றில், பாணைத் தேநீரில் தோய்த்தபடி சொன்னார்கள். லிஸ்பனில் இருந்த ஒன்பது நாளும் இந்த இரண்டையும் கூடவே சுமந்துதான் நடந்தேன். இந்த நகரம் எனக்கு மிகவும் பிடித்துப்போனது. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

தங்குமிடத்துக்கு நான் அல்ஃபாமாவைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. 1755 நவம்பர் 1, அனைத்துப் புனிதர் பெருவிழா. காலை ஒன்பதரை மணி கடந்து, தேவாலயங்கள் நிரம்பி மெழுகுதிரிகள் எரிந்துகொண்டிருந்த வேளையில் நிலம் ஆடியது. கட்டடங்கள் விழ, ஆற்றங்கரை வெளிக்கு ஓடியவர்களைச் சற்று நேரத்தில் கடற்கோள் வாரிக்கொண்டது. விழுந்த மெழுகுதிரிகளும் அடுப்புகளும் மூட்டிய தீ நாட்கணக்கில் எரிந்தது. அரண்மனையும், அதன் நூலகமும், அவ்வாண்டுதான் திறந்த இசை நாடக அரங்கும், கிழக்கின் வணிகம் முழுவதையும் நிர்வகித்த இந்திய இல்லமும் போயின. பாறைமேல் அமர்ந்திருந்த அல்ஃபாமா பெருமளவு தப்பியது. ஆகவே பழைய லிஸ்பனின் தெருக்களில் கால் பதிக்க வேண்டுமென்றால் இங்கேதான் தங்க வேண்டும். அல்ஃபாமா என்ற பெயரே அரபு மொழியில் வெந்நீர் ஊற்றைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. 1147இல் கிறித்தவப் படை நகரைப் பிடிப்பதற்கு முன்பிருந்த முஸ்லிம் நகரத்தின் தெரு அமைப்பு அது. இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்ட வேண்டும். தலைக்கு மேலே ஈரத் துணிகள் சொட்டும்.

இங்கே தங்க நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். சக்கரப் பெட்டி வேண்டாம். முதுகுப் பை போதும். பெரும்பாலான சந்துகளில் வண்டி நுழையாது. நடைபாதைகளில் பதித்திருக்கும் சின்னச் சின்ன வெள்ளைச் சுண்ணக்கற்கள் பார்க்க அழகு, மழையில் சோப்புக்கட்டிபோல் வழுக்கும். நல்ல சப்பாத்து அவசியம். விமான நிலையத்திலிருந்து மெட்ரோ ரயிலிலேயே நகருக்குள் வந்துவிடலாம். அறை வாடகைக்கு மேல் ஆளுக்கு ஓர் இரவுக்கு 4 யூரோ நகர வரி உண்டு. எல்லோரும் ஏறத் துடிக்கும் 28ஆம் எண் டிராம் வண்டியில் காலை எட்டு மணிக்கு முன் மார்ட்டிம் மொனிஸ் சதுக்கத்தில் ஏறினால் மரப்பலகை ஆசனத்தில் அமர்ந்து போகலாம். பத்து மணிக்குப் பிறகு நெரிசலும் திருடர்களும்தான்.

இன்னொன்றையும் பார்த்தேன். பல கதவுகளின் பக்கத்தில் இரண்டு எழுத்துகள் பொறித்த சிறு தகடு இருக்கிறது. பயணிகளுக்குக் குறுகிய கால வாடகைக்கு விடும் வீடு என்று அதற்கு அர்த்தம். எங்கள் சந்தில் எண்ணிப் பார்த்தேன்: பதினான்கு கதவுகளில் ஒன்பதில் அந்தத் தகடு. பயணிகள் தரும் வாடகையோடு போட்டியிட முடியாமல் அல்ஃபாமாவின் பழைய குடிகள் நகரின் ஓரங்களுக்குப் போய்க்கொண்டிருக்கிறார்கள். அதனால்தான் வீட்டுக்காரர் தானும் அதே வீட்டில் இருந்துகொண்டு வாடகைக்கு விடும் ஓர் அறையாகத் தேடி எடுத்தேன். அடுத்த முறையும் அப்படித்தான் செய்வேன்.

பூகம்பத்துக்குப் பிறகு கட்டிய நகரம் பைஷா. அல்ஃபாமாவிலிருந்து பத்து நிமிடம் இறங்கினால் உலகமே மாறிவிடும்: அளவுகோல் வைத்துக் கீறிய நேர்த்தெருக்கள், ஒரே உயரக் கட்டடங்கள், ஒரே மாதிரியான யன்னல்கள். அரசரின் அமைச்சர், பின்னாளில் பொம்பால் பிரபு எனப்பட்டவர், மீள்கட்டும் பொறுப்பை ஏற்றார். சுவர்களுக்குள் மரச்சட்டங்களைக் குறுக்கும் நெடுக்குமாகக் கூடுபோல் பின்னிப் பொருத்தினார்கள். நிலம் ஆடும்போது கூடு நெகிழும், உடையாது. அதற்கு அவர்கள் வைத்த பெயரே கூண்டு என்பதுதான். பூகம்பத்தைத் தாங்க வேண்டுமென்றே திட்டமிட்டு ஐரோப்பாவில் எழுந்த முதற் கட்டடங்களில் இவை சேரும். தெருக்களுக்குத் தொழில்களின் பெயர்: பொன் தெரு, வெள்ளித் தெரு, சப்பாத்துத் தைப்பவர் தெரு. அந்தக் கடைசிப் பெயர்ப்பலகையில் "ஸபதைருஷ்" என்று இருந்ததை நானே எழுத்துக்கூட்டிப் படித்துப் புரிந்துகொண்டேன். லிஸ்பனில் யாரும் மொழிபெயர்க்காமல் எனக்குப் புரிந்த முதல் தெருப்பெயர் அது.

அதன் வடக்கு முனையில் ரோசியோ சதுக்கம். இன்று தேசிய நாடக அரங்கு நிற்கும் இடத்தில் ஒரு காலத்தில், மதக் குற்றம் சாட்டி விசாரித்துத் தண்டித்த கத்தோலிக்கப் புனித விசாரணை மன்றத்தின் மாளிகை இருந்தது. பக்கத்திலேயே சாவோ தொமிங்கோஸ் தேவாலயம். 1506இல், கட்டாயத்தால் மதம் மாறிய யூதர்களைக் கொன்று குவித்த வன்முறை அங்கேதான் வெடித்தது. வெளியே அதற்கொரு நினைவுக்கல் இருக்கிறது. உள்ளே 1959இல் ஒரு பெருந்தீ. அதற்குப் பிறகு கூரையை மட்டும் புதுப்பித்து, வெடித்துக் கருகிய தூண்களை அப்படியே விட்டுவிட்டார்கள். லிஸ்பனில் எத்தனையோ பொன்முலாம் பூசிய பீடங்களைப் பார்த்தேன். என்னை உட்கார வைத்தது இந்தக் கருகிய தூண்கள்தான். வெகுநேரம் அங்கிருந்த வாங்கில் இருந்தேன். வாங்கும் அவர்களுடைய சொல்தான்.

புனித ஜோர்ஜ் கோட்டைக்கு எல்லோரும் மாலை வெயிலில் ஆற்றைப் பார்க்கப் போகிறார்கள். காட்சி அருமை, மறுக்கவில்லை. ஆனால் நான் போனது ஒரு கோபுரத்துக்காக. எங்கள் ஊரில் பழைய காணிப் பதிவேட்டுக்குத் தோம்பு என்று பெயர். எல்லைத் தகராறு என்று யாராவது வந்தால், "தோம்பில் என்ன இருக்கிறது, அதைப் பார்" என்பார் அம்மப்பா. அந்தச் சொல் புறப்பட்ட இடம் இந்தக் கோட்டை. 1378இலிருந்து போர்த்துக்கல் அரசின் ஆவணங்கள் இங்கே ஒரு கோபுரத்தில் இருந்தன. அதன் பெயர் தோம்பு கோபுரம். நாட்டின் தேசிய ஆவணக் காப்பகத்துக்கு இன்றும் அதுவே பெயர். கட்டடம் மட்டும் பல்கலைக்கழகப் பகுதிக்குப் போய்விட்டது.

1755இல் அந்தக் கோபுரம் சரிந்தபோது அதன் பொறுப்பாளராக இருந்தவர் மனுவேல் த மாயா என்ற பொறியியலாளர். எண்பதை நெருங்கிய வயது. இடிபாடுகளுக்குள்ளிருந்து கட்டுக்கட்டாக ஏடுகளை மீட்டு, மரக்கொட்டகை அமைத்து அதற்குள் பாதுகாத்தார். நகரத்தை எப்படி மீளக் கட்டலாம் என்று அரசருக்குத் திட்டம் எழுதிக் கொடுத்தவரும் அதே முதியவர்தான். பொம்பாலுக்கு நகரின் பெருஞ்சாலையில் வானளாவிய தூணும் சிலையும் இருக்கின்றன. காகிதங்களைத் தோண்டி எடுத்த இந்த மனிதருக்காகவே நான் அந்தக் கோபுரம் இருந்த இடத்தில் நின்றேன். சுட்டெரிந்த நூலகம் ஒன்றின் சாம்பலைப் பற்றிக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு, ஓர் ஏட்டைக் காப்பாற்றியவர் யாராக இருந்தாலும் நெருங்கிய உறவு.

பெலெம் பகுதிக்கு ஒரு முழு நாளை ஒதுக்கினேன். ஆற்றோரமாக 15ஆம் எண் டிராம் போகிறது. ஜெரோனிமோஸ் மடத்தின் வேலை பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தொடங்கி ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு நடந்தது. வெயில் ஏற ஏறத் தேன் நிறம் கொள்ளும் கல். தூண்களில் கப்பற்கயிறு முறுக்கிக் கிடக்கிறது. பவளமும் கடற்பாசியும் இலையும் கல்லில் முளைத்திருக்கின்றன. உள்ளே தூண்கள் பனைபோல் உயர்ந்து, உச்சியில் ஓலை விரிப்பதுபோல் பிரிந்து கூரையைத் தாங்குகின்றன. நான் பனைக்கூட்டத்துக்குள் வளர்ந்தவள்; எனக்கு வேறெதுவும் நினைவுக்கு வரவில்லை.

இதற்கெல்லாம் பணம் எங்கிருந்து வந்தது? ஆப்பிரிக்காவிலிருந்தும் கிழக்கிலிருந்தும் வந்த சரக்குகளில் அரசர் எடுத்த இருபதில் ஒரு பங்கு. மிளகு இருபதின்மை என்றே அதற்குப் பெயர். மேற்கு வாசலுக்குள் நுழைந்ததும் ஒரு பக்கம் வாஸ்கோ த காமாவின் கல்லறை, மறுபக்கம் கவிஞர் கமோயென்ஸின் கல்லறை. வாஸ்கோ இந்தக் கரையிலிருந்து 1497 ஜூலையில் புறப்பட்டு அடுத்த ஆண்டு மே மாதம் கள்ளிக்கோட்டையை அடைந்தார். 1524இல் கொச்சியில் இறந்தார். அங்கே புதைத்து, பிறகு இங்கே கொண்டுவந்தார்கள். சுற்றியிருந்தவர்கள் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் எடுக்கவில்லை. அவருடைய இரண்டாம் பயணத்தில், மக்காவுக்குப் போய்த் திரும்பிய பயணிகளை ஏற்றி வந்த கப்பலை ஆண், பெண், குழந்தை என்று பாராமல் எரித்ததை அறிந்த பிறகு, கூப்பிய கைகளோடு படுத்திருக்கும் அந்தக் கல் உருவத்தின் முன்னால் எனக்குச் செய்ய ஒன்றும் இருக்கவில்லை.

நான் தேடி வந்தது அதே கட்டடத்தின் மேற்குப் பகுதியை. தேசியத் தொல்லியல் அருங்காட்சியகம் அங்கே இருக்கிறது. 1554இல் லிஸ்பனில் ஒரு சிறு நூல் அச்சேறியது. கிறித்தவ செபங்களின் தமிழும் போர்த்துக்கேயமும் சேர்ந்த நூல். தமிழைத் தமிழ் எழுத்தில் அச்சிட அப்போது வழியில்லை. உரோமன் எழுத்துகளில் தமிழை ஒலிபெயர்த்து, ஒவ்வொரு சொல்லுக்கும் போர்த்துக்கேயப் பொருளைச் சேர்த்திருந்தார்கள். தமிழ் எழுத்திலேயே அச்சான தம்பிரான் வணக்கம் கொல்லத்தில் வந்தது 1578இல். அதற்கு இருபத்து நான்கு ஆண்டுகள் முன்பே தமிழ் மொழி அச்சுக்குள் போன இடம் இந்த நகரம். அந்த நூலின் பிரதி ஒன்று இந்த அருங்காட்சியகத்தின் பாதுகாப்பில் இருக்கிறது. எங்கள் தீவைச் சேர்ந்த கரம்பனில் பிறந்த தனிநாயகம் அடிகள்தான் இதைத் தமிழ் உலகின் கவனத்துக்குக் கொண்டுவந்தார்.

நான் போனபோது கட்டடத் திருத்த வேலைக்காக அருங்காட்சியகம் மூடியிருந்தது. அது எனக்கு முன்பே தெரியும். தெரிந்தும் போனேன். சுவரோரமாக நடந்து, நிழலில் உட்கார்ந்து, அந்த நூலை ஆக்கியவர்களை நினைத்துக்கொண்டிருந்தேன். விசென்டே, ஜோர்ஜ், தோமா என்று மூன்று பேர். ஞானஸ்நானத்தில் பெற்ற போர்த்துக்கேயப் பெயர்கள் மட்டும் நமக்குக் கிடைத்திருக்கின்றன. தாய் வைத்த பெயர்கள் கிடைக்கவில்லை. முத்துக்குளித்துறைப் பக்கத்திலிருந்து வந்து லிஸ்பனில் வாழ்ந்த தமிழர்கள். அங்கே செபம் சொல்லிக்கொடுக்க இங்கே நூல் வேண்டியிருந்தது. அதற்கு இவர்களுடைய நாக்கு வேண்டியிருந்தது.

இவர்களைப் பற்றி நினைக்க நினைக்க நகரம் எனக்கு வேறொன்றாக மாறியது. நாம் கொண்ட சொற்களின் பட்டியலை எத்தனையோ முறை எழுதியிருக்கிறோம். ஆனால் யன்னலை "ஜனேலா" என்று இங்கேயே கேட்டு, குளிரில் நடுங்கி, கிடைத்ததைத் தின்று, தமிழின் ழகரத்தையும் ளகரத்தையும் எந்த உரோமன் எழுத்தில் அடைப்பது என்று மேசையில் குனிந்து யோசித்தவர்கள் இருந்திருக்கிறார்கள். அவர்கள் பார்த்த ஆற்றங்கரை பூகம்பத்தில் போய்விட்டது. ஓட்டுச் சித்திர அருங்காட்சியகத்தில், பூகம்பத்துக்கு அரை நூற்றாண்டு முன்பு நீலமும் வெள்ளையுமாகத் தீட்டிய லிஸ்பனின் முழுத் தோற்றம் ஒன்று 23 மீட்டர் நீளத்துக்கு ஓடுகிறது. மறுநாள் அங்கே போய் அரண்மனையையும் கப்பல் துறையையும் தேவாலயங்களையும் ஒவ்வோர் ஓடாகப் பார்த்துக்கொண்டே நடந்தேன். அந்தத் தெருக்களில் எங்கோ ஒரு மாடியறையில் அந்த மூன்று பேரும் வாடகைக்கு இருந்திருக்க வேண்டும்.

உணவைப் பற்றிக் கொஞ்சம். பெலெமில் 1837இலிருந்து விற்கும் முட்டைப்பால் அப்பத்துக்குப் பெரிய வரிசை நிற்கும். வரிசை வேகமாக நகரும், நிற்கலாம். சூடாக இருக்கும்போதே கறுவாத்தூள் தூவித் தின்ன வேண்டும். அந்தக் கறுவாவுக்காகத்தான் இலங்கைக்கு வந்தார்கள். மீன் உண்பவர்களுக்குச் சுட்ட மத்தி மீன் கோடையில். சோறும் பருப்பும் ஏங்கினால் மொராரியா பகுதியில் வங்காளிகளும் நேபாளிகளும் நடத்தும் கடைகள் தெரு முழுக்க இருக்கின்றன.

கார்மோ மடம் ஒரு குன்றின் மேல், கூரையில்லாமல் நிற்கிறது. பூகம்பத்தில் விழுந்த கூரையை மீண்டும் போடாமல் விட்டுவிட்டார்கள். கூரிய வளைவுகளுக்கு மேலே வெறும் வானம். அதன் வாசல் சதுக்கத்தில்தான் 1974 ஏப்ரல் 25 அன்று சர்வாதிகாரத்தின் கடைசிப் பிரதமர் ஒளிந்திருந்த படைத் தலைமையகத்தை இளம் இராணுவ அதிகாரிகளின் கவச வண்டிகள் சூழ்ந்தன. ஆப்பிரிக்காவில் பதின்மூன்று ஆண்டுகள் நடத்திய காலனிப் போரில் சலித்துப்போன அதிகாரிகள் அவர்கள். அன்றைக்குத் துப்பாக்கிக் குழல்களில் மக்கள் சிவப்புக் கார்னேஷன் பூக்களைச் செருகினார்கள். போருக்கு நடுவில் பிறந்த எனக்கு, சிப்பாய்கள் போர் போதும் என்று திரும்பி வந்து நின்ற ஓர் இடத்தைக் காலால் தொட வேண்டும்போல் இருந்தது. சதுக்கத்து மரங்களின் ஊதாப் பூக்கள் கல்லில் உதிர்ந்து கிடந்தன.

கடைசி நாள் மாலை பிராசா தோ கொமெர்சியோ என்ற சதுக்கத்தின் ஆற்றங்கரைக்குப் போனேன். பூகம்பத்துக்கு முன் அரண்மனை நின்ற இடம். தண்ணீருக்குள் இறங்கும் படிகளின் இருபுறமும் இரண்டு கற்றூண்கள். அதற்குப் பெயர் "கைஷ்" தாஸ் கொலுனாஸ், தூண்களின் துறை. யானைகளைக் கப்பலேற்றிய எங்கள் ஊர்த் துறையையும் அவர்கள் "கைஷ்" என்றுதான் அழைத்தார்கள். அதுவே ஊர்காவற்றுறையின் ஆங்கிலப் பெயரான கயிட்ஸ் ஆனது என்று சொல்வார்கள். அலை வந்து இரண்டாம் படியை நனைத்துப் போயிற்று. எங்கள் துறையில் நிற்கும்போதும் தண்ணீர் இப்படித்தான் வரும்.

அறைக்குத் திரும்பி அம்மாவுக்குத் தொலைபேசி எடுத்தேன். குசினிக் கதவு திறந்திருந்தது. வீட்டுக்கார அம்மா கிழங்கு சீவிக்கொண்டிருந்தார்.

"இடம் எப்படியம்மா, வசதியா?" என்று அம்மா கேட்டார்.

"சின்ன அறைதான் அம்மா. ஒரு மேசை, ஒரு கதிரை, ஒரு அலுமாரி. யன்னலைத் திறந்தால் ஆறு தெரியும். குசினி அவர்களோடு சேர்த்து. காலையில் நல்ல பாண் தருகிறார்."

கத்திச் சத்தம் நின்றது. திரும்பிப் பார்த்தேன். அவர் வாசலில் நின்றுகொண்டிருந்தார், கையில் பாதி சீவிய கிழங்கோடு. என் தொலைபேசியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு அறைக்குள் வந்து நாற்காலியின் முதுகில் கை வைத்தார்.

"கதிரை?" என்றார்.

"கதிரை" என்றேன்.

அவர் மெல்ல யன்னலைப் பார்த்துத் திரும்பினார்.